என் பெயரை அவர் சொல்லவில்லை

அன்பானவர்களே, போன வருடம் இதே சபையில் எழும்பி, என் கணவர் குணமாகிவிட்டார் என்று சாட்சி சொன்னவள் நான்தான். நீங்களும் கைதட்டினீர்கள். அது அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டும் வேலை செய்தவர். வருகிற கப்பலின் கயிற்றை வாங்கிக் கரைத் தூணில் மாட்டுவார். பென்சன் எடுத்துச் சில வருடங்களில் மறதி நோய் தொடங்கியது. முதலில் சாவியை மறந்தார், பிறகு வீட்டுப் பாதையை, பிறகு என்னை. விடிந்ததும் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படுவார். ஒரு காலை, இடுப்பளவு கடலில் நின்று யாரோ ஒருவருடைய வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவரை மீனவர்கள் கூட்டிவந்து விட்டார்கள். இன்னும் நான்கு அடி போயிருந்தால் ஆள் இல்லை. அன்றைக்கு நான் உடைந்து போனேன்.

நான் பாலர் வகுப்பு ரீச்சர். எனக்குத் தெரிந்த வைத்தியம் பரீட்சை வைப்பதுதான். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஆர்? சொல்லுங்கோ, தாறன்" என்பேன். ஒரு நாள் "ரஞ்சிதம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிறே சாட்சி சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அவரையும் எழுப்பி நிறுத்தி, சின்ன வயதில் படித்த வசனத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் உங்கள் முகங்களையெல்லாம் பார்த்துப் பயந்து அழுதார். காற்சட்டை நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரோடு சண்டை பிடித்தேன். "ஒரு பேரைத்தானே கேட்டனான்? அதுவும் ஏலாதா உமக்கு?"

அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். இது குணமாகிற வருத்தம் இல்லை, மருந்து கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டு, எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே நோயாளிகளுக்குக் கைவேலை கொடுத்துச் சிகிச்சை செய்யும் ஒரு மிஸ் இருந்தார். நான் என் கவலையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, அய்யாக்கு என்னென்ன மறந்துபோச்செண்டு சொன்னீங்கள். என்ன மறக்கேல்லை?"

நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

"இனிப் பரீட்சை வைக்காதேங்கோ. வேலைக்குப் போறன் எண்டா மறிக்காதேங்கோ. வேலையைக் குடுங்கோ" என்றார்.

முற்றத்தில் இரண்டு கட்டைகள் நட்டு, பழைய நைலோன் கயிறு வாங்கிக் கொடுத்தேன். வாசல் படலையில் ஒரு மணி கட்டினேன், அவர் வெளியே போனால் கேட்கும். முதல் நாள் முடிச்சு வராமல் கயிற்றைத் தூக்கி எறிந்தார். அவரைத் திருத்த எனக்கும் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் கைக்குத் தானாக வந்தது. கட்டுவார், அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். வேலை முடிந்த மனிதனைப் போலப் பசியோடு சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமைகளில் நம் பாட்டுக்குழுச் சகோதரிகள் வந்து பழைய பாட்டுகள் பாடுவார்கள். பேச வராத வாய் கடைசி அடிவரை கூடவே பாடியது.

ஒரு காலை கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டினார். "விடாமப் பிடியுங்கோ."

பிடித்தேன். கட்டி முடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்கள் ஆரெண்டு தெரியேல்லை. ஆனா நீங்கள் நிண்டா எனக்குப் பயமில்லை."

"ஓம், நான் நிப்பன்" என்றேன். அவர் வீட்டுக்குள்ளே போனபிறகு, கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன். கர்த்தர் என் சண்டைக்குப் பதில் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. நான் கேட்ட பெயரை அவர் தரவில்லை. என் கையிலிருந்த பரீட்சைத் தாளை வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போவது விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். ஜெபியுங்கள். பதில் வேறு உருவத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர் இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இன்றைக்கு அவரை எழுப்பமாட்டேன். நாம் பாடத் தொடங்குவோம். அவர் தானாகச் சேர்ந்துகொள்வார்.