சத்தம் மட்டும் போடும் துவக்கு

இலங்கையின் லக்கலயில் ஒரு வெளிநாட்டுக் கௌபாய் படப்பிடிப்பு நடந்தது. பழங்காலத் துவக்குகளுக்கு நான்தான் காவல். ஒரு மாலை, பக்கத்து வயல்கார அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி, நெல்லுக்குள்ள யானை எறங்கிருச்சு. அந்தத் துவக்கக் கொண்டாங்க."

"இதுல குண்டு இல்லக்கா. படத்துக்குச் சத்தம் மட்டுந்தான் வரும்."

"குண்டு எதுக்கு? அதக் கொல்லவா போறோம்? எங்க யானை வெடி முடிஞ்சிருச்சு. சத்தம் போதும்."

துவக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். வயல் வரம்பில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டேன். யானை திரும்பிக் காட்டுக்குள் போனது.

"நல்ல துவக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குள் இறங்கினார்.

மறுநாள் அதே துவக்கால் நடிகர் ஆறு பேரைச் சாய்த்தார். ஆறு பேரும் எழுந்து தேநீர் குடித்தார்கள்.

அதுவரை யார் கேட்டாலும் பொய்த் துவக்கு என்றுதான் சொல்வேன். இப்போது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறேன்.