ரோஸ்லின் விட்டுப்போன செவ்வாய்க்கிழமை

பூதப்பாண்டியில் என் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஷீபா போன் செய்தாள். ஷீபா, ரோஸ்லினின் தம்பி மகள். "அத்த மத்தியானம் சோறு தின்னுட்டுப் படுத்தவ எழும்பல, ஆன்டி" என்றாள். மீனை அப்படியே போட்டுவிட்டுத் தோவாளைக்குப் பஸ் ஏறினேன். வழியில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போக வேண்டியவர் வடசேரியில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்க, இவள் ஏன் போனாள் என்ற கோபம்.

நம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்சுகளின் கூட்டத்தில் வாசிக்க, ரோஸ்லினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அன்பானவள், பொறுமைசாலி, யார் மனதையும் நோகடிக்காதவள் என்று எழுதினால் கேட்கிற நம் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். டாக்டர் எழுதாமல் ஊசி போடக்கூடாது என்பது நாம் படித்த முதல் பாடம். அன்று நம் எல்லோருக்கும் மேலே இருந்த மேட்ரன் வார்டு வழியாகப் போகிற போக்கில், "மூணாம் பெட்டுக்கு இன்னொரு ஊசி போட்டுடு ரோஸ்லின், டாக்டர் சொன்னாரு, சீட்டுல பொறவு எழுதிக்கிடலாம்" என்றார். டாக்டர் சொன்னது நான்காம் பெட்டுக்கு. ரோஸ்லின் நம்பிப் போட்டாள். மூன்றாம் பெட்டில் கிடந்த மனிதரைப் பிழைக்க வைப்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. விசாரணையில் மேட்ரன், "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்றார். உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மேட்ரனின் பெயரை இங்கே எழுதத்தான் ஆசை, ஆனால் ஷீபா வேண்டாம் என்று கெஞ்சினாள். 'அவர்' என்று எழுதுவதும் மரியாதைக்குத்தான்; மனதில் அந்த 'ர்' கிடையாது.

ரோஸ்லினைத் துணியறைக்கு அனுப்பினார்கள். வார்டில் பேர்பெற்ற நர்சு, ஓய்வுபெறுகிற நாள் வரைக்கும் போர்வை மடித்தாள். ஆனால் அந்த அறையில் ஆள் இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. டாக்டரிடம் திட்டு வாங்கிய சின்னப் பிள்ளைகளும் புருஷனிடம் அடி வாங்கிய துப்புரவுக்காரியும் அங்கேதான் போவார்கள். ரோஸ்லின் புத்தி எதுவும் சொல்ல மாட்டாள். மடிக்கச் சொல்லி ஒரு போர்வையின் முனையைக் கையில் தருவாள். நாலு போர்வை மடிப்பதற்குள் வந்தவளின் மூச்சு சீராகிவிடும்.

என் கதை வேறு. நாற்பது வயதிலேயே பிரஷர், பிறகு தூக்க மாத்திரை. மேட்ரன் விழுந்துபோக வேண்டும் என்று நான் ஜெபமே செய்திருக்கிறேன். ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து அவருக்கு ஒரு பக்கம் வாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, அல்வா வாங்கி வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

அந்த அல்வா கசந்தது எங்கள் கோயில் அசனத்தன்று. ஊரே கூடிச் சமைத்து, வந்தவர் எல்லோருக்கும் சோறு போடுகிற நாள். நான் விளம்புகிற இடத்தில் அகப்பையோடு நின்றேன். ரோஸ்லின் ஒரு தூக்குவாளியை நீட்டினாள். யாருக்கு என்று கேட்டேன். மேட்ரனுக்கு என்றாள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, அதனால் செவ்வாய்தோறும் இவள்தான் போய்க் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அவளுக்கு நான் வெளம்ப மாட்டேன்" என்றேன்.

அசனச் சோற்றை யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது சமாதானத்துக்கு என்று நினைத்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவ பேரக் கேட்டதுக்கே நூத்திப்பத்து அடிக்கி. அவ அங்க சுகமா கெடந்து ஒறங்குதா. யாருக்குட்டி தண்டனை?"

கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. ஏழு மாதம். பேசாமல் இருந்தது நான், அவள் அல்ல. திங்கட்கிழமைதோறும் போனில் ஒரு வரி வரும்: "மாத்திரை போட்டியா?" ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. இனிமேல் போட்டும் பயனில்லை.

அடக்க ஆராதனையில் நம் பழைய டாக்டர் பேசினார். பிறருக்கு இரங்குகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறாது, நல்ல தூக்கம் வரும், நோய் சீக்கிரம் அண்டாது, அதற்கு ரோஸ்லினே சாட்சி என்றார். சாட்சி பெட்டிக்குள் கிடக்கிறாளே டாக்டர், மேட்ரனுக்கு எண்பது தாண்டிவிட்டதே என்று எழுந்து கேட்க வாய்வரை வந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது. ரோஸ்லின் தலையைச் சாய்த்தால் தூங்குவாள். பிரசங்கம் தொடங்கினாலே தூங்குவாள். அவள் வீட்டு அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை கிடையாது. எனக்கு ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வடசேரிக்கு, மேட்ரன் வீட்டுக்குப் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. மேட்ரனுக்கு அதிர்ச்சி ஆகாது என்று ரோஸ்லின் இறந்ததைப் பிள்ளைகள் மறைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தியை நானே கொண்டுபோய் அவர் நெஞ்சில் இறக்க வேண்டும் என்று போனேன். கதவைத் திறந்த, அவரைப் பார்த்துக்கொள்கிற பெண், "ரோஸ்லின் சிஸ்டருக்குப் பதிலு வந்தியளா? கஞ்சி மேசையில இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேட்ரனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "ரோஸ்லின் எங்க?" என்று குழறினார்.

"செத்துப்போயிட்டா. நீங்க துணியறைக்குத் தள்ளுன ரோஸ்லின் செத்துப்போயிட்டா. உங்க பொய்தான் அவளக் கொன்னுச்சு."

முப்பது வருடமாக மனதுக்குள் அடக்கி வைத்த கோபம் அது. மேட்ரனுக்குக் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க நல்ல கையும் எழும்பவில்லை. குழறியபடியே சொன்னார்.

"பொய்தான். அவ வந்த மொத நாளே அவகிட்ட சொல்லிட்டேன். 'அது எப்பவோ முடிஞ்சுபோச்சு மேடம், வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது'ன்னு சொன்னா." பிறகு என்னையே பார்த்தார். "நீயும் அந்த பெட்டுக்குப் பக்கத்துலதானே நின்ன, ஜெசி?"

நின்றேன். கையில் மருந்துத் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். மேட்ரன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். காதில் விழவில்லை என்றேன். நீங்கள் தரையைத்தான் பார்த்தீர்கள், நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன். இதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். 'ஜெசி பாவம், பயந்துட்டா. அதாம் ஒறக்கம் இல்லாம கெடக்கா'ன்னு சொல்லுவா."

மேசையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். அவரைச் சரித்து உட்காரவைத்து, கழுத்துக்குத் துண்டு கொடுத்து, ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினேன். புரை ஏறாமல் ஊட்ட நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? முடிந்ததும் அடுத்த வாரம் யார் வருவார்கள் என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

மன்னிக்கிற மனதை ரோஸ்லின் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். எனக்கு அதில் ஒரு துளியும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அவளுடைய செவ்வாய்க்கிழமை மட்டும்தான். இதுவரை ஐந்து முறை போய்விட்டேன். மேட்ரன் இன்னும் என்னைக் கண்டால் பயப்படுகிறார், பயப்படட்டும். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அன்று சொன்ன பொய் எனக்கும் ஞாபகம் வருகிறது. இரண்டு பேருக்கும் இதுவே தண்டனை என்றுதான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் போய்வந்த அன்றைக்கு மட்டும் மாத்திரை போடாமலேயே தூங்கிவிடுகிறேன். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.