அன்ரன் அண்ணையின் ஒறேஞ் கார்

போன கிழமை லண்டன் லூயிஷாமில் ஒரு கலியாண மண்டபத்தின் கார் பார்க்கில், என்னுடைய காரைத் தேடி மழையில் நனைந்துகொண்டு நின்றேன். சுற்றிவர விலையுயர்ந்த கார்கள். எல்லாம் சாம்பல், கறுப்பு, வெள்ளை. இந்தச் சாம்பலுக்கு விற்கிற இடத்தில் ‘புயல் மேகம்’, ‘எரிமலைத் தூள்’ என்று பெயர் வேறு. அட, சாம்பல் சாம்பல்தானே! அவ்வளவு காசைக் கொட்டி ஏன் ஐயா செத்தவீட்டு நிறத்தில் வாங்குகிறீர்கள்? கேட்கிற என் காரும் சாம்பல்தான், அதை விடுங்கள்.

அன்ரன் அண்ணையின் கார் எந்தக் கூட்டத்திலும் தொலைந்ததில்லை. மன்னார்க்காரர். நான் லண்டன் வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வீட்டு மேலறையில்தான் வாடகைக்கு இருந்தேன். அவரிடம் ஒரு பழைய அமெரிக்க ‘மசில் கார்’ இருந்தது, பெரிய எஞ்சினோடு உறுமிக்கொண்டு ஓடுகிற வகை. நீண்ட மூக்கு, கண்ணைக் குத்துகிற ஒறேஞ் நிறம். அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் அப்படியான கார்களுக்கு எலுமிச்சைப் பச்சை, கத்தரிப்பூ நிறமெல்லாம் வெட்கமில்லாமல் பூசினார்களாம். வெயிலில் சூடேறிய தோல் சீற்றும் பெற்றோலும் கலந்து மணக்கும். மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும்போது, அப்போது சின்னப்பிள்ளையாக இருந்த மகள் ஷர்மிளா, “அப்பா, சத்தமா ஓடுங்கோ!” என்று கத்துவாள்.

“இவளின்ர கலியாணத்துக்கும் இந்தக் காரிலதான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவன்” என்பார் அண்ணை. அந்த மனிதருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஷர்மிளா வளர்ந்து கலியாணமும் சரிவந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “கார் வடிவுதான் அண்ணை. உந்த நிறம்தான் படத்தில சீலையோட சரிவராது” என்றார். பழைய கார் வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே சொல்லுவார்களா? நிறத்தைச் சொன்னால் மிச்சத்தை நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு விளங்கியது.

“அண்ணை, அவை காரையே வேண்டாமெண்டினம்.”

“உனக்கென்ன விசரே? நிறத்தை மாத்தினால் சரி. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை, கலியாணத்தண்டைக்குப் பாக்கட்டும்.”

காரைக் கொண்டுபோய்ச் சாம்பல் பெயின்ற் அடித்தார்.

கலியாணக் காலை அண்ணை அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூக்கு முழுக்கப் பூமாலை. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய புத்தம்புதிய சொகுசுக் கார் நின்றது. அதுவும் சாம்பல்! அண்ணை கோட்டும் சூட்டுமாகத் தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஷர்மிளா சீலையைத் தூக்கிப் பிடித்தபடி அவசரமாக வந்தாள்.

“நான் அவை அனுப்பினதில போறன் அப்பா. நீங்கள் பின்னால வாங்கோ.”

“ஓம் பிள்ளை” என்று கதவைச் சாத்தினார். பக்கத்தில் நான்தான் ஏறினேன். அடுத்த மாதமே காரை விற்றுவிட்டார். மகளிடம் வாய் திறக்கவேண்டாம் என்று என்னையும் தடுத்துவிட்டார்.

போன வருடம் அண்ணை காலமானார். அடக்கம் முடிந்து வரும்போது ஷர்மிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அங்கிள், அப்பா ஏன் அந்த ஒறேஞ் காரை வித்தவர்? என்ர கலியாணத்துக்கு அதைக் கொண்டுவருவார் எண்டு கடைசிமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்.”

வந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்: “அண்டைக்குக் கதவைத் திறந்துகொண்டு நிண்டாரே, அது என்ன கார் பிள்ளை?”

“அது” என்றாள், “வாடகைக் கார்தானே?”