ஐந்து வாரம் பிந்திப் பிறந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். திருவொற்றியூரில் நான் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று எதற்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். கடைக்காரப் பெண் என்பதால், என்னைவிட மூத்தவர்களும் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் காலை ஒரு பெண் வந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். பேச்சைக் கேட்டால் அசல் எங்கள் ஏரியா. பாஸ்போர்ட் வேண்டும் என்றார். அடையாளச் சான்று கேட்டதும் இலங்கை அகதி அட்டையை நீட்டினார். நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "உங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் வராதும்மா" என்று சொல்லிவிட்டேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார், தம்பியோடு. தம்பி எர்ணாவூரில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அக்கா கையில் பேப்பரில் இருந்து கத்தரித்த ஒரு துண்டு. இந்தியாவில் பிறந்த அகதிப் பெண் ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட செய்தி.

"நா பொறந்தது ராயபுரம் ஆஸ்பத்திரிலக்கா. அன்னிக்கு நீ அத்த கேக்கவே இல்ல" என்றார் அந்தப் பெண் என்னிடம். கோபப்படாமல் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

என்ன அவசரம் என்று அப்போதுதான் விசாரித்தேன். போர் முடிந்த பிறகு அவர்கள் அம்மா திருகோணமலைக்கே திரும்பிப் போய்விட்டாராம். இப்போது கிட்னி பழுதாகிப் படுத்த படுக்கை. பிள்ளைகள் அகதி அட்டையோடு கிளம்பினால் போகலாம், திரும்பி வர முடியாது. பிழைப்பு, குடும்பம் எல்லாம் இங்கே.

மூன்று பேருமாக உட்கார்ந்து சட்டத்தைத் திரையில் படித்தோம். ஆரம்பத்தில் இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்று இருந்திருக்கிறது. 1987 ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். 2004 கடைசியில் இன்னும் இறுக்கிவிட்டார்கள். அக்கா பிறந்தது 1985. கவலையே இல்லை.

"எனுக்கு இன்னாக்கா போட்டுக்கீது?" என்றார் தம்பி.

பிறந்த தேதி கேட்டேன். 1987 ஆகஸ்ட் ஐந்து. அதே ஆஸ்பத்திரி, அதே அப்பா அம்மா, இரண்டு பேருமே இலங்கைக்காரர்கள். ஐந்தே வாரம் பிந்திவிட்டார். திரையை 1987 ஜூலை என்ற வரிக்கு நகர்த்தினேன். அவரே எட்டிப் படித்துப் புரிந்துகொண்டார்.

அக்கா பேப்பர் துண்டை மடித்துவிட்டார். "வோணாம்க்கா. போனா ரெண்டு பேரும் போறோம், இல்லாங்காட்டி வுடு."

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாருனா ஒருத்தர் அம்மாவ பாக்கணும்ல. நீ டைப் பண்ணுக்கா."

முதலில் அக்காவின் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். வக்கீல் பிடித்து, வழக்குப் போட்டு, கையில் பாஸ்போர்ட் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அக்கா போய் இருபது நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் போதெல்லாம், "தம்பி பின்னால வாறானோ?" என்று அம்மா கேட்டதாகச் சொன்னார். அதைத் தம்பியிடம் சொல்லவில்லையாம்.

அடுத்த மாதமே அந்த அம்மா இறந்துவிட்டார். காரியத்தைத் தம்பி செல்போனில்தான் பார்த்தார், என் கடையில் உட்கார்ந்து. இங்கேதான் நெட் நடுவில் நிற்காது என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நான் பிறந்தது 1990. என் அப்பா அம்மா இந்தியர்கள் என்பதைத் தவிர, இந்த நாட்டின் குடியுரிமைக்காக நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. தானாக வந்து சேர்ந்த ஒன்றை ஏதோ நானே சம்பாதித்ததுபோல நினைத்து, ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் நிற்க வைத்து இல்லை என்று சொன்னேனே, அந்த உறுத்தல் இன்னும் எனக்குள் அப்படியேதான் இருக்கிறது.