சாந்தோம் முதல் பெருங்குடி வரை: நூறு சதவீத சார்ஜும் நிற்காத காரும்

சாந்தோமிலிருந்து பெருங்குடிக்குப் பதினோரு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் தாராளமாக வேறு பதிவுக்குப் போகலாம். மின்சாரக் கார் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் மட்டும் கொஞ்சம் இருங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அமலுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் அடையாறில் பிசியோதெரபி. ஆட்டோவில் இடது காலைத் தூக்கி வைத்து ஏற அவரால் முடியாது. அதனால் பள்ளியில் வரலாறு எடுக்கும் நான், ஐம்பத்தாறு வயதில் ஒரு மின்சாரக் கார் வாங்கி, அதிலேயே ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், கார் மெதுவாகி நின்றுவிடும். அப்படி நிற்கும்போது ஓட்டத்தின் வேகம் மின்சாரமாக மாறி பேட்டரிக்கே திரும்பும் என்று விளக்கினார்கள். எனக்குப் புரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனமழை எச்சரிக்கை. சென்னைக்காரர்கள் என்ன செய்வோம்? சம்ப், டிரம், குடம், வாளி எல்லாவற்றையும் நிரப்பினேன். இன்வெர்ட்டர், போன், டார்ச் எல்லாம் சார்ஜில். காருக்கு எண்பது சதவீதம் போதும் என்று மகன் பிரவீன் ஒரு வரம்பு வைத்திருந்தான். அதையும் நூறாக்கி நிரப்பினேன். வழக்கம்போல மழை வரவில்லை, மறுநாள் காலை சுள்ளென்று வெயில் அடித்தது.

திங்கட்கிழமை 7.10-க்கு அமலோடு கிளம்பினேன். வீட்டிலிருந்து 900 மீட்டரில் நொச்சிக்குப்பம். சாலையோர மீன் கடைகளுக்கு முன்னால் கூட்டம். காலை எடுத்தேன். கார் நிற்கவில்லை. அதுபாட்டுக்கு உருண்டு போய் ஒரு மீன்பெட்டியை இடித்துத்தான் நின்றது. ஐஸும் வஞ்சிரமும் ரோட்டில் கிடந்தன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, கார்லயே கடைக்குள்ள வந்து மீன் வாங்குவியா?" என்று கேட்டார். பெட்டிக்கும் மீனுக்கும் ஈடு கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

பிரேக் மிதித்தேன், பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சத்தியம் செய்தேன். தி.நகரிலிருந்து ஓடிவந்த பிரவீன், "பிரேக்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சிருப்பீங்கம்மா. இந்த வயசுல இது சகஜம்" என்றான். சகஜமாம்! அமல் புதன்கிழமை காரில் ஏற மறுத்துவிட்டார். "கொஞ்ச நாள் தெரபி வேணாம்" என்றார். தெரபியால் அப்போதுதான் அவருடைய இடது கைவிரல்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்தன. இரவெல்லாம் என் வலது காலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நிஜமாகவே மாற்றி மிதித்துவிட்டேனா?

காரை சர்வீஸ் சென்டரில் காட்டுவதற்காக, சனிக்கிழமை ஆக்டிங் டிரைவர் செல்வத்தை வரச் சொன்னேன். நான்கு மணி நேரத்துக்கு 600 ரூபாய். நாற்பது வயதிருக்கும், அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். மழை எச்சரிக்கை இன்னும் நீங்கவில்லை என்பதால் காரில் மறுபடி நூறு சதவீதம். 8.05-க்குக் கிளம்பினோம். பட்டினப்பாக்கம், அடையாறு பாலம், மத்திய கைலாஷ் என ஒவ்வொரு சிக்னலிலும் கார் சமர்த்தாக நின்றது.

"பிரேக்கு சூப்பரா கீதே மேடம். இன்னா கம்ப்ளெயிண்டு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. தரமணி தாண்டி 8.50-க்குப் பெருங்குடி சர்வீஸ் சென்டர். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டினார். காலை எடுத்தார், நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. அங்கிருந்த அட்வைசர் பெண்ணுக்கு என் மாணவிகளின் வயதுதான். "மேம், தப்பா எடுத்துக்காதீங்க. பெடல் மாத்தி மிதிச்சிருக்க வாய்ப்பு இருக்கா?" என்றாள். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இனி ஓட்டக்கூடாது என்று அங்கேயே முடிவும் செய்தேன்.

திரும்பும் முன், வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே சார்ஜ் போட்டேன். 95-லிருந்து 100 ஏற ஐம்பது நிமிடம், 40 ரூபாய். காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பாமல் வர என் கைக்குத் தெரியாது. செல்வம்தான், "கடைசியா ஒருவாட்டி நீயே ஓட்டிப் பாரு மேடம். நான் பக்கத்துல கீறேன்" என்றார்.

சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் ஒரு காலித் தெரு. முப்பதில் போய்க் காலை எடுத்தேன். நிற்கவில்லை! கார் தன் போக்கில் உருண்டது.

"பாருங்க, பிடிக்கல, பிடிக்கல!" என்று கத்தினேன்.

செல்வம் குனிந்து என் காலைப் பார்த்தார். "இன்னா பிடிக்கல? நீ மிதிக்கவே இல்லியே! காலு அந்தரத்துல தொங்கிக்கினு கீது. பிரேக்க மிதி மேடம்!"

மிதித்தேன். கார் டக்கென்று நின்றது. ஓடும் காரில் அந்தப் பெடல் அவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பப் போய் நடந்ததை, நூறு வரை சார்ஜ் போட்டதையும் சேர்த்து, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஃபுல் சார்ஜா? அத நீங்க சொல்லவே இல்லையே மேம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி என்றாள். சில ரயில்களில் மிஞ்சும் மின்சாரத்தைக் கூரை மேலுள்ள கம்பிச்சுருளில் விட்டுச் சூடாக்கிக் காற்றில் கலக்க விடுவார்களாம். சில கார்களில் ஹீட்டரில் செலவழிப்பார்களாம். என் காரில் அந்த வசதி இல்லை. அதனால் அது மின்சாரம் எடுப்பதையே நிறுத்திவிடுகிறது.

"அப்ப அந்த மிச்சம் எங்க போகும்?"

"எங்கயும் போகாது மேம், வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். பிரேக் மிதிச்சாதான் அது சூடா மாறிப் போகும்."

மூன்று முறை சொல்ல வைத்தேன். அதாவது, பேட்டரிக்குள் போக முடியாத மிச்சம்தான் நொச்சிக்குப்பத்தில் மீன்பெட்டியில் போய் இறங்கியிருக்கிறது. காலையில் செல்வம் ஓட்டியபோது தெரியவில்லை, அவர் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தார். மெக்கானிக் ஓட்டியபோதும் தெரியவில்லை, பதினோரு கிலோமீட்டர் ஓடி பேட்டரியில் இடம் விழுந்துவிட்டது. திரையின் மூலையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வருமாம். அந்த மூலையில்தான் நான் குருத்தோலைச் சிலுவையைச் செருகியிருந்தேன். சரி, ஆனால் சக்கரத்தின் வேகம் எப்படி மின்சாரமாகிறது? அது இன்னும் புரியவில்லை. புரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

போகிறவர்களுக்கு: வார நாளில் தரமணியைக் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். எண்பது, தொண்ணூறோடு சார்ஜை நிறுத்துங்கள். நூறு ஏற்றியே ஆகவேண்டுமென்றால் முதல் சில கிலோமீட்டர் கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். ஒரு பெடலில் ஓட்டக் கற்றவர்கள் காலித் தெருவில் மற்றதையும் நூறு முறை மிதித்துப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

வீட்டில் இதைச் சொல்லத்தான் பயம். மாற்றி மிதித்திருந்தால்கூட வயதின் மேல் பழியைப் போடலாம். நான் எதையுமே மிதிக்கவில்லை. அமலுக்கு முன்னால் உட்கார்ந்து, "பிரேக் மிதிச்சேன்னு சத்தியம் பண்ணேன்ல, அது பொய். பொய்னு எனக்கே தெரியாது" என்றேன்.



"அன்னைக்கு உன் காலைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் அமல். "நீ மிதிக்கல. ஆனா மிதிச்சேன்னு அடிச்சுச் சொன்ன. எனக்கு மூளை மறுபடி குழம்புதுன்னு நெனச்சுட்டேன்."

பிறகு ஊன்றுகோலை எடுக்கக் கையை நீட்டினார். "நாளன்னிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"