சாமி மேடையில் இருந்த ரூட்டர்

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி பழையது, சுவரெல்லாம் தடிமன். வாசலுக்கு எதிரே சாமி மேடை. சாமி லைட்டுக்கான பிளக் அங்கே இருந்ததால் வைஃபை ரூட்டரையும் அங்கேயே வைத்திருந்தோம். பின்னறையில் என் ஆபீஸ் மீட்டிங் பாதியில் அறுந்துபோகும்.

தினமும் ஆறு மணிக்கு நான் விளக்கேற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கம்பிக் கதவருகே போனோடு நிற்பார். வீட்டின் மேல் கண் போடுகிறார் என்று நினைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். மறுநாளே ரூட்டரைப் பின்னறைக்கு மாற்றினேன். சிக்னல் முழுசாக வந்தது. அக்கா வருவதும் நின்றது. எனக்கு இரட்டை நிம்மதி.

மூன்று வாரம் கழித்து, ஆஸ்திரேலியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய மகன் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"என் வீட்டுல லைனே கிடைக்காதுலா. உன் மகதான் பாஸ்வர்ட் கொடுத்துச்சு. உன் வாசல்ல நின்னுதான் தினம் அவன் முகத்தப் பாப்பேன். திடீர்னு அங்கயும் இல்லாமப் போச்சு" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா?"

"நீதான் கதவச் சாத்திட்டியே, தங்கச்சி."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

ரூட்டர் மறுபடி சாமி மேடைக்கு வந்துவிட்டது. ஆறு மணிக்குக் கதவை அகலத் திறந்துவைத்தே விளக்கேற்றுகிறேன். அக்கா எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகிறார். அவர் கையில் இப்போது போன் இருப்பதில்லை.