பர்மாவுக்குப் போன தாத்தா

நேற்று செக்காலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பித்தளை விளக்குக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் பத்து வயதுச் சிறுமியாகிக் காளையார்கோவிலில் அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

பர்மா சண்டைக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை. பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டார் என்று ஊரே பேசியது. அவரோடு இருந்தவர்களை அப்பா வருஷக்கணக்காகத் தேடினார். எழுபதுகளின் தொடக்கத்தில்தான் காளையார்கோவிலில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெரியவர் வாசலில் உட்கார்ந்து தன் பட்டாளத்துப் பதக்கங்களைப் பாலிஷ் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

தாத்தாவின் பெயரைக் கேட்டதும் அவர் கையிலிருந்த துணி நழுவியது.

"கருப்பையா மகனா நீக? இங்குட்டு வாங்க! உங்க ஊரு தெரியாம எத்தனை வருஷம் தவிச்சிருக்கேன்! கால்ல குண்டு பட்டுக் கெடந்த என்னையத் தோள்ல போட்டு ஆத்தைக் கடந்தாக. இன்னொருத்தனைத் தூக்கத் திரும்பிப் போனாக. அங்கதான் செத்தாக. என் கண்ணால பார்த்தேன்."

அப்பா அழுதுகொண்டே சிரித்தார். திரும்பும்போது எங்கள் ஊர் பள்ளத்தூரில் பஸ் நிற்பதற்குள் குதித்து, டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்.

"எங்கப்பா ஓடலைய்யா! ஆளைத் தூக்கத் திரும்பிப் போயிருக்காக!"

நானும் அதையே கத்திக்கொண்டு தெரு முழுக்க ஓடினேன்.